தொடாமல் போனவள்

குழந்தை மூன்றாம் முறையாக வாந்தி எடுத்துவிட்டு, தாய் நிதெல்வியாவின் தோளில் துவண்டான். மெரிதா நகரத்து மதிய வெயிலில் மின்விசிறிக் காற்றே சுட்டது.

"கண்ணுதான் பட்டிருக்கு," என்றாள் எல்சி. அவனுக்கு ஞானத்தாயாக நின்றவள் அவள். நிதெல்வியா சந்தைக்குப் போகும் நாளெல்லாம் அவனைப் பார்த்துக்கொள்பவளும் அவளே. "காலையில பக்கத்து வீட்டு கந்திதா வேலியோரம் நின்னு, 'என்ன அழகு'ன்னா. சொன்னவ புள்ளையத் தொட்டாத்தானே கண்ணு படாது? தொடாமலே போயிட்டா."

"டாக்டர்கிட்ட போயிடலாம் எல்சி."

"கண்ணுக்கு டாக்டர் என்னடி பண்ணுவாரு? முட்டை சுத்திட்டேன், இறங்கிடும். குல்லாவை மட்டும் கழட்டிடாத, காத்து படக் கூடாது."

ஒரு மணி நேரம் ஆயிற்று. குழந்தை கண்ணே திறக்கவில்லை. நிதெல்வியா அவனைத் தோளில் போட்டபடியே ஓடிப்போய் கந்திதாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"தொடுடி பாவி! எம் புள்ளையத் தொடு!"

"நான் கண்ணு வைப்பேனா?" என்று அழுதுகொண்டே கந்திதா குல்லாவை அவிழ்த்து, அவன் தலையை மெல்லத் தடவினாள். காதுக்கு மேலே வந்ததும் அவள் கை நின்றது.

"இங்க மெத்துனு வீங்கியிருக்கே! புள்ள எங்கேருந்து விழுந்தான்?"

நிதெல்வியா திரும்பினாள். எல்சி தலை குனிந்து நின்றாள்.

"காலையில நீ சந்தைக்குப் போனப்ப வலைத்தொட்டில்லேருந்து புரண்டு விழுந்துட்டான்... உடனே அழுகைய நிறுத்திட்டான், ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். சொன்னா இனிமே எங்கிட்ட விடமாட்டியேன்னுதான்..."

பேசியபடியே எல்சி கைகளை நீட்டினாள். "கொடு, நான் வச்சிருக்கேன். நீ போய் டாக்சியக் கூப்பிடு."

நிதெல்வியா குழந்தையைக் கந்திதாவின் கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.