ஆறு வயசு சின்னவள்

"விருப்ப ஓய்வா? யாரோட விருப்பம்?"

லெட்டரைப் படித்த தலைமையாசிரியர் தேவராஜ் இப்படிக் கேட்டதும் ருக்குமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மலைமேல் குண்டனி நாட்டு உண்டு உறைவிடப் பள்ளியில் அவள்தான் சமையல்காரி.

"எங்க ஊட்டுக்காரரு எழுதிக் குடுக்கச் சொல்றாருங்க சார்."

தேவராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராசிபுரத்துக்காரர். மைக் கிடைத்தால் பெண்ணுரிமை பேசாமல் விடமாட்டார், கிடைக்காவிட்டாலும் விடமாட்டார்.

ருக்குமணிக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. இருந்து முடித்தால் பென்ஷன் கூடும். இப்போதே போனால் காலம் பூராவும் குறைச்சல்தான். புருஷன் சென்றாயன் வனத்துறைக் காவலராக இருந்து போன மாசம்தான் ரிட்டயர் ஆனவர். துரைக்கு வேளாவேளைக்குச் சுடச்சுடச் சோறு வேண்டும் போலிருக்கிறது!

சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய்விட்டார் தேவராஜ்.

வாசலில் காய்ந்த மிளகை அள்ளிக்கொண்டிருந்த சென்றாயன், பெஞ்சைத் துடைத்துப் போட்டுவிட்டு, தானே காபி போட்டு எடுத்துவந்தார். தேவராஜ் அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

பொண்டாட்டி சம்பாதிப்பது பொறுக்கவில்லையா, தான் ஓய்ந்தால் அவளும் ஓயணுமா என்று வெளுத்து வாங்கினார். பக்கத்து வீட்டுக் கண்ணாயி வேலியோரம் வந்து நின்றதும் குரல் இன்னும் உயர்ந்தது. சென்றாயன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"அந்த லெட்டரை நான் மேலே அனுப்பப் போறதில்லை. உங்களைவிட ஆறு வயசு சின்னவங்க. இப்பவே மூலையில உட்கார வைக்கறீங்களே, நியாயமா?"

அனுப்பமாட்டேன் என்றதும்தான் சென்றாயனின் முகம் மாறியது. கண்ணாயி உள்ளே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சார், அவளால சோத்து அண்டாவத் தூக்க முடியலீங்க. படுத்தா எந்திரிக்க முடியாம இடுப்பப் புடிச்சுக்கறா."

"அதுக்கு மெடிக்கல் லீவு போடலாமே. இந்த வயசுல போய்…"

"அந்த வயசுதாங்க சார் தப்பு. எங்க மலையில அப்ப யாரு பொறந்த தேதி எழுதி வெச்சாங்க? பொட்டப் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தப்ப இவ நல்லா வளந்த புள்ள. ஒண்ணாவதுல சேக்கோணுமேன்னு அந்த வாத்தியாரு அஞ்சு வயசுன்னு எழுதிட்டாரு. அதுவே வேலையிலயும் ஏறிப்போச்சு. இப்ப வெளிய தெரிஞ்சா பென்சனே போயிருமோன்னு பயப்படறா. அதான், நான் நிறுத்தச் சொல்றதா சொல்லச் சொன்னேன். பழி எம்மேல இருந்துட்டுப் போவுதுங்க."

தேவராஜுக்கு வெட்கமாக இருந்தது. சமாளித்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப உங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே வயசா?"

"வருசக் கணக்கெல்லாம் தெரியாதுங்க சார். எனக்கு மாமன் மக. கைக்கொழந்தையில என்னைய இடுப்புல சுமந்துக்கிட்டுத் திரிஞ்சு, நடை பழக்கிவிட்டதே அவதானுங்க."