சீராக வந்த ரெக்கார்டு பிளேயர்

மெக்கானிக் நசுருதீன் ரெக்கார்டு பிளேயரின் மூடியைத் திறந்ததும் மருதாசலம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

தேறாது என்று சொல்லிவிடும்படி நேற்றே போத்தனூரில் அவருடைய ரிப்பேர் கடைக்குப் போய்க் காதைக் கடித்துவிட்டு வந்திருந்தார்.

அந்த ரெக்கார்டு பிளேயர், கல்யாணத்தின்போது மச்சான் தங்கமுத்து சீராகக் கொடுத்தது. சீராக வந்த பொருளைச் சும்மா தூக்கிப் போட முடியுமா? மச்சான் கிணத்துக்கடவிலிருந்து வரும்போதெல்லாம் அதை ஓடவிட்டு, வீட்டிலிருக்கும் ஒரே இசைத்தட்டை இரண்டு பக்கமும் கேட்டு, தலையையும் ஆட்டியாக வேண்டும். அலமாரியில் அது அசையாமல் உட்கார்ந்திருக்க, புதுக் கலர் டிவி அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடந்தது.

மெக்கானிக் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் மச்சானுக்கு மனத்தாங்கல் இருக்காது. அதற்காகவே மச்சானையும் சிங்காநல்லூருக்கு வரவழைத்து எதிரில் உட்கார வைத்திருந்தார்.

நசுருதீன் தட்டை விரலால் சுற்றினார். நன்றாகவே சுற்றியது. முள்ளைத் தூக்கிப் பார்த்தார். பழைய பெட்டியில் அது மட்டும் பளபளத்தது. உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. மனைவி சென்னியம்மாள் வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று மருதாசலம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

நசுருதீன் ஏனோ சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு பிளக்கைக்கூடச் செருகாமல் தீர்ப்பைச் சொன்னார்.

"மோட்டாரே போயிருச்சுங்க. இனித் தேறாதுங்க."

மச்சானுக்கு ஆறுதல் சொல்ல மருதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். மச்சானோ தட்டில் ஆறிக்கொண்டிருந்த பஜ்ஜியை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லதாப் போச்சுங்க மாப்ளை. உங்களுக்கு உசுருன்னுதான் நானும் வாரப்பெல்லாம் கம்முனு கேட்டுட்டிருந்தனுங்க."

தானும் மச்சானுக்காகவே கேட்டுவந்ததை மருதாசலம் சொல்ல, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒருவருக்கொருவர் மரியாதை செய்தே இத்தனை வருடம் அரை உயிராகியிருக்கிறார்கள். மருதாசலம் உற்சாகமாகப் போய் ஒரு சாக்குப்பையை எடுத்து வந்தார்.

சென்னியம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். நசுருதீன் தலை குனிந்துகொண்டார்.

"ஏனுங்க பாய், போன வாரந்தானுங்களே புது முள்ளு மாத்திக் குடுத்தீங்க. இவரு மில்லுக்குப் போனதும் தெனமும் கேக்கறனுங்க. இன்னிக்குக் காத்தாலகூட ஓடுச்சுங்களே."

அவள் பெட்டியை மூடி, இரு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பாட்டு வந்தது.

மச்சான் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டத் தொடங்கினார்.

மருதாசலம் சாக்குப்பையோடு நின்றார். பாட்டு ஓடும்போதெல்லாம் அவர் மச்சானின் முகத்தைப் பார்த்திருக்கிறார், மச்சான் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். அந்தச் சீர் யாருக்கு வந்ததோ அவள் முகத்தை இருவருமே பார்த்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

பாட்டுக்கு இடைஞ்சல் வராமல் சாக்கை மெதுவாக மடித்தார்.