பாகற்காயின் கோபம்

"நேத்து என் அண்ணனை உப்புல ஊறவெச்சு, பிழிஞ்சு, வெல்லத்துல புரட்டினாங்க. ராயப்பன் தின்னுட்டு, 'கசப்பே தெரியல'ன்னான். இதெல்லாம் ஒரு பாராட்டா?" என்று கூடையிலிருந்த பாகற்காய் கொதித்தது.

"நான் சேரலேன்னா உன்னை எவன் தொடுவான்?" என்றது டப்பாவிலிருந்த வெல்லம்.

"நீ சேர்றதே என் மூஞ்சியை மறைக்கத்தானே!"

மறுநாள் வெல்லத்தில் எறும்பு மொய்த்திருந்தது. ராயப்பனின் மனைவி ஸ்டெல்லா டப்பாவைத் திறந்து வெயிலில் வைத்தாள். பாகற்காயைப் பிழியாமல், வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கினாள்.

முதல் வாயில் ராயப்பன் முகம் சுளித்தான். ரசம் சாதத்தோடு இன்னொரு வாய் வைத்தான். அப்புறம் தட்டையே வழித்தான்.

"நல்லா கசக்குது ஸ்டெல்லா. இன்னும் கொஞ்சம் வை."

வெளியே, சூடு தாங்காத எறும்புகள் டப்பாவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தன.

"நீங்களுமா போறீங்க?" என்று கத்தியது வெல்லம்.