தசைப் பாடம்

நடுத்தெருவில் கார் நின்றுவிட்டது. உடலியல் பேராசிரியர் ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. மனைவிதான் இறங்கிப் பின்னால் போனாள்.

"தம் கட்டித் தள்ளு!"

"தள்ளிக்கிட்டுதானே இருக்கேன்."

"வண்டி நகரலையே! சுமை நகரலன்னா தசையோட நீளம் குறையாது, இறுக்கம் மட்டும் ஏறும். இப்போ உன் கைத்தசை கல்லு மாதிரி இருக்குமே?" திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஆமாங்க, கல்லேதான்."

"காலேஜ்ல வருஷக்கணக்கா இதைத்தான் நடத்துறேன். உனக்கெங்க புரியப்போகுது!"

மனைவி ஜன்னலருகே வந்தாள். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"ஹேண்ட் பிரேக்கை எடுக்காம உட்கார்ந்திருக்கீங்க. இறங்கும்போதே பார்த்துட்டேன். இவ்வளவு நேரமும் டிக்கியில சாஞ்சுதான் நின்னேன். இப்போ நீங்க வந்து தள்ளுங்க. உங்க தசை எப்படி இறுகுதுன்னு நான் உள்ளே உட்கார்ந்து சொல்றேன்."