தொடாதீங்க மேடம்

ரஷாத்தின் பிரவுசிங் சென்டருக்குள் சாயங்கால மூடுபனி புகுந்து திரை வெளிச்சத்தை நீலமாகக் கலக்குகிறது. ஆபீஸ் விபிஎன்னில் வேலையை முடித்த தேன்மொழி லாகவுட்டை அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். இந்தக் கம்ப்யூட்டரில் அது வேலை செய்யவில்லை. காதில் மாட்டிய இயர்போனில் சென்னை ஹெல்ப்டெஸ்க்காரன் சொல்கிறான்: "விட்டுட்டு எந்திரிக்காதீங்க மேடம், அடுத்து உக்கார்றவங்க நம்ம ஃபைலுக்குள்ள போயிடுவாங்க. எதையும் தொடாம இருங்க, அரைமணில தானா கட்டாயிடும்." கைகளை மடியில் கோத்துக்கொள்கிறாள். வெளியே அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ், பூண்டி வண்டி, உறுமிக்கொண்டு நிற்கிறது. பூண்டியில் பால்குடிப் பிள்ளை. இங்கே பால் கட்டி ரவிக்கை நனைகிறது. அரைமணி முடியப் போகிறது. "என்னம்மா, ஹேங்காகிக் கெடக்கா?" என்று வருகிற ரஷாத், எல்லாருக்கும் செய்வதுபோலவே, குனிந்து ரெஃப்ரெஷைத் தட்டுகிறார். திரை பளிச்சென்று விழிக்கிறது: வெல்கம் தேன்மொழி. காதில் ஹெல்ப்டெஸ்க்காரனின் அதே பொறுமையான குரல்: "மேடம், எதைத் தொட்டீங்க? மறுபடியும் அரைமணி காட்டுதே." வெளியே வண்டி கியர் மாற்றுகிறது.