கண்ணகைக்கு முடி முளைக்க வேண்டும்

"எங்க, தலையைக் காட்டு மகள். இண்டைக்காவது முளைச்சிரிக்கா பாப்பம்."

நல்லரத்தினம் கேட்டதும், கண்ணகை தலையில் கட்டியிருந்த துணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"தினமும் பாத்தா முளைக்குமா அப்பா? முளைச்சா நானே சொல்றன். வயல் வட்டைக்கு நேரமாகுது, போயிட்டு வாங்க."

இப்போதெல்லாம் அவள் துணியைக் கழற்றுவதே இல்லை. தொடவும் விடமாட்டாள். பாவம், வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நல்லரத்தினம் மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

இடுப்பைத் தாண்டிக் கிடந்த கூந்தல் அது. வட்டம் வட்டமாக உதிரத் தொடங்கியபோது ஊர் அதைப் புழுவெட்டு என்றது. வெங்காயம் தேய்த்தார்கள், குண்டுமணி அரைத்துப் பூசினார்கள். புருவம் மட்டும் மிஞ்சியது. கடைசியில் பட்டணத்து டொக்டர்தான் விளங்கப்படுத்தினார்.

"புழுவும் இல்ல, ஒண்டும் இல்ல ஐயா. உடம்பைக் காக்கிற சக்தி, சொந்த முடியையே எதிரி எண்டு நினைச்சு அழிக்குது. ஒருத்தருக்கும் தொத்தாது. தானா முளைச்சாலும் முளைக்கும்."

சொந்தப் பிள்ளையை எதிரி என்று நினைக்கிற காவலும் ஒரு காவலா என்று, தங்கள் ஊரான கிரானில் பஸ்ஸை விட்டு இறங்கும் வரைக்கும் நல்லரத்தினம் தனக்குள்ளே சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்.

அவருக்குக் கனவு காணப் பாய் தேவையில்லை, வயல் வரம்பு போதும். வாவிப் பக்கமிருந்து வரும் காற்றில் பயிர் சாய்ந்து எழும்பும்போதெல்லாம், கண்ணகை முதுகைக் காட்டிக்கொண்டு தலை உலர்த்துவது போல இருக்கும். வாய்க்காலில் நீர் வழிந்து ஓடுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நிற்பார். பக்கத்து வயல்காரர்கள் கூப்பிட்டுக் களைத்துப் போவார்கள்.

அந்தக் கனவுக்குள் ஒரு அவசரமும் இருந்தது. காட்டுப் பக்கமிருந்து வருகிற இயக்கக்காரர்கள் சண்டைக்கு என்று வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கிற காலம். அடுத்த ஒழுங்கையில் இருக்கிற வல்லிபுரத்தின் மகள் அவர்களோடு போய்விட்டாள். கலியாணம் முடித்த பெட்டைகளை அநேகமாக விட்டுவிடுகிறார்கள் என்பதால், பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றிய கையோடு பிள்ளைகளின் கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருந்தது. கண்ணகைக்கும் மாப்பிள்ளை தயார்தான். நல்லரத்தினத்தின் தங்கை சீதேவிப்பிள்ளையின் மகன். ஆனால் சீதேவிப்பிள்ளை ஒரே பிடியில் நின்றாள்.

"கொண்டை போடுற அளவுக்காவது வளரட்டும் அண்ணன். மொட்டைத் தலையில பூவை எங்க வைக்கிற?"

முடி முளைத்தால் கலியாணம். கலியாணம் நடந்தால் பிள்ளை வீட்டில். நல்லரத்தினத்தின் கணக்கு அவ்வளவுதான்.

அன்றைக்கு ஏறாவூரிலிருந்து நாட்டு வைத்தியம் பார்க்கிற முகைதீன்பாவா பரியாரியார் சைக்கிளில் வயலுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு போத்தல்.

"நல்லரத்தினம், இந்த எண்ணெயை உச்சியில வெச்சுத் தேய். கல்லுலயும் முளைக்கும்!"

"மெய்யாவா?"

"முளைக்காட்டி என்ர தாடியை வழிச்சுத் தாறன்!"

நல்லரத்தினத்துக்கு அதன்பிறகு வேலை ஓடவில்லை. உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் மகள் நடந்து வந்தாள், தலை நிறைய மல்லிகையோடு. நாதஸ்வரம்கூடக் கேட்டது. எதிரே வந்தவர்கள் எதையோ பதறிச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். இவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு நடந்தார்.

வீட்டில் ஆளில்லை. பின்னால் கிணற்றடியில் கண்ணகை கல்லில் குந்தியிருந்தாள். தலையில் துணி இல்லை. முன்னால் அவளுடைய தாய் நேசம்மா குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். இருவரும் இவரைக் கவனிக்கவில்லை.

இதுதான் சமயம் என்று நல்லரத்தினம் மெல்லப் போனார். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி மகளின் பின்தலையில் வைத்தார்.

கையில் குத்தியது. அறுத்த வயலில் வெறுங்காலோடு நடந்தால் குத்துமே, அப்படி.

"நேசம்மா! முளைச்சிட்டுகா! தலை முழுக்க முளைச்சிட்டு!" அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அம்மாளாச்சி கண் திறந்திட்டா! இப்பவே தங்கச்சி வீட்டுக்கு ஓடிப்போய்..."

நேசம்மா ஈரக் கையால் அவருடைய வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதீங்க! இது முளைச்சுக் கன நாளாகுது."

அப்போதுதான் அவளுடைய மற்றக் கையை அவர் பார்த்தார். அதில் சவர்க்கார நுரையோடு ஒரு பிளேட் இருந்தது.

"என்னகா இது? பிள்ளையின்ர வாழ்க்கையை நீயே..."

"அம்மாவை ஏசாதீங்க. நான்தான் வழிக்கச் சொன்னன்" என்றாள் கண்ணகை. "நீங்க வட்டையில நிக்கக்குள்ள பிள்ளை கேக்கிறவங்க இஞ்சயும் வந்தவங்க அப்பா. கேட்டா உங்கிட நெஞ்சு தாங்காது எண்டு மறைச்சிட்டம். துணியைக் கழட்டச் சொன்னாங்க. மொட்டையைப் பாத்துப்போட்டு, நோய் பிடிச்ச வருத்தக்காரப் பிள்ளை நமக்கு வேணாம் எண்டு போயிட்டாங்க. அதுக்குப் பிறகுதான் இது முளைக்கத் துவங்கிச்சு. மாமி கேக்கிற அளவுக்கு வளர வருசம் போகும். அதுவரைக்கும் அவங்க பாத்துக்கொண்டு இரிப்பாங்களா?"

நல்லரத்தினம் எண்ணெய்ப் போத்தலைக் கிணற்றுக் கட்டில் வைத்தார்.

"கெதியா வழிக்க விடுங்க அப்பா. வல்லிபுரம் மாமாட ஒழுங்கைக்கு வந்திட்டாங்களாம்."

நல்லரத்தினம் பிளேட்டை நேசம்மாவிடமிருந்து வாங்கினார். "தலையை அசையாம வை மகள்" என்று சொல்லிவிட்டு, தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்ட அந்த முடியைத் தன் கையாலேயே வழிக்கத் தொடங்கினார்.