இன்று மட்டும் காய்ச்சல்

"ஏட்டி, நடிக்காத. நெத்தி பச்சத்தண்ணியாக் கெடக்கு, காய்ச்சலாம்லா காய்ச்சல்!"

பாயை விட்டு எழாத மகள் தன்ஷிகாவுக்குச் சுடலையே யூனிஃபார்ம் மாட்டினான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்று வெளியாட்கள் வந்து பரீட்சை வைக்கிறார்கள். தன்னைப் போல அவளும் தாராவித் தோல் பட்டறையில் மூட்டை சுமக்கக் கூடாது என்று அவனுக்கு ஒரே வெறி.

பள்ளி வாசலில் டீச்சர் மறித்தார். "காய்ச்சல்ல கெடக்குற பிள்ளைய எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

சுடலை விழித்தான். காய்ச்சல் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லையே!

தன்ஷிகா தேம்பினாள். "நான் நடிக்கலப்பா. எங்க கடைசி பெஞ்சுல எல்லாருக்கும் இன்னைக்குக் காய்ச்சல்னு டீச்சர்தான் சொல்லச் சொன்னாங்க. நாங்க எழுதினா ஸ்கூலுக்கு மார்க் கொறஞ்சிருமாம்."